ராபர்ட் பிளான்ட்டின் தனி ஆல்பங்களில் எது தேறும்?

லெட் ஜெப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுகளில் ஊறிப்போன ஒருவர், அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட் தனியாகப் போட்ட ஆல்பங்களைக் கேட்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். விசாரித்தால் ஆளுக்கொரு பேச்சு. 'ஜெப்பலினுக்கு அப்புறம் அவர் செய்தது எதுவும் தேறாது' என்கிறார் ஒருவர். '2007-இல் வந்த ரைசிங் சாண்ட் ஆல்பம் ஒன்று போதும், மற்றதெல்லாம் நேர விரயம்' என்கிறார் இன்னொருவர். 'அது அவருடைய ஆல்பமே கிடையாது, கூடப் பாடிய அலிசன் க்ரௌஸின் தயவு' என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி, எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

முதலாமவர் கேட்காமலே பேசுகிறார். இரண்டாமவர் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறார். மூன்றாமவர் சொல்வதில் மட்டும் யோசிக்க விஷயம் இருக்கிறது, ஆனால் அவர் அதைக் குறையாகச் சொல்கிறார். நானும் இந்தச் சண்டையில் முப்பது வருஷமாக இருக்கிறேன், இரண்டு தடவையாவது கட்சி மாறியிருக்கிறேன். அதனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களிடம் ஒன்று சொன்னால் உடனே புரியும். சில பாடகர்கள், பக்கவாத்தியம் யார் வாசித்தாலும் அதே கச்சேரியைத்தான் பாடுவார்கள். சிலர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்து ஆளே மாறிவிடுவார்கள். பிளான்ட் இரண்டாவது ரகம். அவருடைய ஆல்பங்களைக் குரலை வைத்து மட்டும் எடை போட்டால் கணக்கு தப்பிவிடும். டிரம்ஸ் யார், கிடார் யார், கூடப் பாடுவது யார் என்று பார்த்துவிட்டுக் கேட்டால், ஏன் ஒன்று நிற்கிறது, இன்னொன்று ஏன் விழுகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஜெப்பலின் முடிந்ததே ஒரு டிரம்மரால்தான். 1980 செப்டம்பர் 25 அன்று ஜான் பான்ஹம் இறந்தார், டிசம்பரில் மற்ற மூவரும் கடையை மூடிவிட்டதாக அறிவித்தார்கள். பிளான்ட்டுக்கு அப்போது வயது 32. பதின்ம வயதிலிருந்தே பான்ஹமின் அடியை முதுகில் வாங்கிக்கொண்டு பாடியவர் அவர். ஜெப்பலினுக்கு முன்பு 'பேண்ட் ஆஃப் ஜாய்' என்ற குழுவிலும் இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அந்த அடி இல்லாமல் எப்படிப் பாடுவது? முதல் ஐந்தாறு வருஷமும் அவர் அதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் ஆல்பம் 'பிக்சர்ஸ் அட் இலெவன்', 1982. எட்டுப் பாட்டு. ஆறில் டிரம்ஸ் பில் காலின்ஸ், மற்ற இரண்டில் கோசி பவல். கிடார் ராபி பிளண்ட் (தமிழில் எழுதினால் பிளான்ட்டும் பிளண்ட்டும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடுகிறார்கள், மன்னிக்கவும்). இந்த ஆல்பத்தைத் திட்டுபவர்கள் 'ஜெப்பலின் மாதிரி இல்லை' என்று திட்டுகிறார்கள், புகழ்பவர்கள் 'ஜெப்பலின் மாதிரியே இருக்கிறது' என்று புகழ்கிறார்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பவல் வாசித்த 'ஸ்லோ டான்சர்' ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும், அரபு வாடை அடிக்கும், கனமான பாட்டு. ஜெப்பலினின் 'காஷ்மீர்' கேட்டவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறதென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காலின்ஸ் வாசித்தவற்றில் வேறு ஒன்று நடக்கிறது. அவர் பான்ஹமைப் போல வாசிக்க முயலவே இல்லை. அடி இறுக்கமாக, சிக்கனமாக இருக்கிறது. பிளண்ட்டின் கிடாரும் ஜெப்பலினின் கிடார்காரர் ஜிம்மி பேஜ் மாதிரி மலையைப் புரட்டாமல், பாட்டின் ஓரமாக நடந்துகொண்டே கோடு போடுகிறது. பிளான்ட்டுக்குக் கத்த வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது.

அது பழுத்தது அடுத்த வருஷம் வந்த 'த பிரின்சிபிள் ஆஃப் மோமென்ட்ஸ்' ஆல்பத்தில். 'பிக் லாக்' பாட்டை ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். கைத்தட்டல் போன்ற மெஷின் தாளம் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது, அதன் மேல் கிடார் நாலைந்து சுரங்களை நீட்டி வளைத்துவிட்டு ஒதுங்குகிறது. பிளான்ட் உள்ளே வரும்போது, நீண்ட பயணத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுகிற குரலில் பாடுகிறார். ஜெப்பலினின் 'இமிக்ரன்ட் சாங்' கத்தலைப் போட்டவர் இவர்தானா என்று இருக்கும். பிரிட்டனில் 11-ஆம் இடம், அமெரிக்காவில் 20-ஆம் இடம் வரை போனது. 80களில் அவர் செய்த ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பக்கவாத்தியக் கணக்குக்கு மறுபக்கச் சான்றும் இருக்கிறது. 1985 ஜூலையில் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரிக்காக பிலடெல்பியாவில் ஜெப்பலின் மூவரும் சேர்ந்தார்கள். டிரம்ஸுக்கு அதே காலின்ஸ், கூடவே டோனி தாம்ப்சன். முறையான ஒத்திகை இல்லை, பேஜின் கிடார் சுருதி சேரவில்லை, பிளான்ட்டின் தொண்டையும் சரியில்லை. பிற்பாடு அதிகாரபூர்வமாக டிவிடி வெளியிட்டபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்களே சம்மதிக்கவில்லை. பிளான்ட்டின் சொந்தப் பாட்டில் அவ்வளவு பாந்தமாக இருந்த காலின்ஸ், பான்ஹம் இடத்தில் உட்கார்ந்தபோது எடுபடவில்லை. ஆள் அதே ஆள், பாட்டுத்தான் வேறு.

அதே வருஷம் வந்த 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' ஆல்பத்தை ரசிகர்கள் அனேகமாக எல்லாருமே கழித்துக்கட்டுவார்கள். சிந்தசைசர் அதிகம், பாட்டுக்குத் தரையே இல்லை. அதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, நான் அதில் இல்லை. 'லிட்டில் பை லிட்டில்' மட்டும் கேட்டுவிட்டுத் தாண்டிவிடலாம்.

1988-இல் வந்த 'நவ் அண்ட் ஜென்' விற்பனையில் பெரிய வெற்றி. என்னிடம் முதலில் வந்து சேர்ந்ததும் இதன் கேசட்தான். நண்பன் வீட்டு டேப் ரெக்கார்டரில் 'டால் கூல் ஒன்' கடைசிப் பகுதிக்கு வந்தபோது நடுவில் திடீரென்று 'பிளாக் டாக்' துண்டு ஒன்று கேட்டது, அப்புறம் 'ஹோல் லாட்டா லவ்'. யாரோ கேசட்டின் மேல் ஜெப்பலினைப் பதிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்து நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி போட்டுப் பார்த்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பிளான்ட்டே வேண்டுமென்று ஒட்டியது. 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழுவினர் ஜெப்பலின் துண்டுகளை எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டியிருந்தார்கள். ஊரான் எடுக்கும்போது சொந்தக்காரன் எடுத்தால் என்ன என்கிற தெனாவெட்டு அதில் கேட்கிறது. அதே பாட்டில் ஜிம்மி பேஜையே கூப்பிட்டு கிடாரும் வாசிக்க வைத்திருக்கிறார். கோக்க கோலா விளம்பரத்துக்கும் அந்தப் பாட்டு போனது, அதைத் தூய்மைவாதிகள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆல்பமாகக் கேட்டால் அந்தக் காலத்துப் பளபளப்பு இன்று கொஞ்சம் கண்ணைக் கூசுகிறது. 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' தப்பிக்கிறது. 1990-இன் 'மேனிக் நிர்வானா' அதே குழுவோடு செய்தது, இன்னும் சத்தம், இன்னும் குஷி, அவ்வளவுதான்.

இனி நான் சண்டை போடும் இடம். 1993-இல் வந்த 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' அவருடைய தனி ஆல்பங்களிலேயே மிகவும் அநியாயமாகக் கைவிடப்பட்டது. பக்கவாத்தியப் பட்டியலைப் பாருங்கள்: 'காலிங் டு யூ' பாட்டில் நைஜல் கென்னடியின் வயலின், 'கம் இன்டு மை லைஃப்' பாட்டில் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிடாரும் க்ளானட் குழுவின் மோயா பிரென்னன் குரலும், நைஜல் ஈட்டனின் ஹர்டி-கர்டி (கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் நரம்பு வாத்தியம்). 80களின் பிளாஸ்டிக் வாசனை போய், மரமும் தோலும் கம்பியும் திரும்பி வருகின்றன. டிம் ஹார்டினின் 'இஃப் ஐ வேர் எ கார்பென்டர்' பாட்டை எந்த ஜாலமும் இல்லாமல் பாடுகிறார்.

அதில் 'ஐ பிலீவ்' என்று ஒரு பாட்டு. 1977 ஜூலையில், ஜெப்பலின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, ஊரில் பிளான்ட்டின் மகன் கராக் நோயில் இறந்துபோனான். ஐந்து வயது. 1979-இல் ஜெப்பலினோடு பாடிய 'ஆல் மை லவ்' அந்தப் பிள்ளைக்கானது. பதினாலு வருஷம் கழித்து மறுபடி அவனையே பாடுகிறார். அழுகையாக இல்லை. கிடார் கிட்டத்தட்ட உற்சாகமாகவே மினுங்குகிறது, மெட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. சொல்லைக் கவனிக்காமல் கேட்டால் நல்ல வெயில் நாளுக்கான பாட்டு என்றே நினைத்துவிடலாம். பெற்றவன் துக்கம் பதினாறு வருஷத்தில் என்னவாகிறது என்பதை நான் வேறெந்த ராக் பாட்டிலும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

பிறகு ஏன் கைவிடப்பட்டது? ஒன்று காலம்: அமெரிக்க வானொலியை அப்போது சியாட்டில் நகரத்து கிரஞ்ச் ராக் குழுக்கள் பிடித்திருந்தன. இன்னொன்று, அடுத்த வருஷமே பேஜும் பிளான்ட்டும் எம்டிவிக்காகச் சேர்ந்து 'நோ குவார்ட்டர்' செய்தார்கள். பழைய ஜோடியைப் பார்த்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். ஆனால் 'நோ குவார்ட்டர்' டிரம்மர் மைக்கேல் லீயும் பாஸ் வாசித்த சார்லி ஜோன்ஸும் 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' சமயத்தில் பிளான்ட்டோடு இருந்தவர்கள்தான். அங்கே விதைத்ததை இங்கே அறுத்தார் என்று சொல்வேன்.

'நோ குவார்ட்டர்' தனி ஆல்பக் கணக்கில் வராது, ஆனாலும் தாண்டிப் போக முடியவில்லை. ஹோசம் ராம்சி தலைமையில் எகிப்திய வாத்தியக்காரர்கள், சில பாட்டுகள் மொராக்கோவின் மராகேஷ் தெருவில் பதிவு. 'பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில், 1971-இல் சாண்டி டென்னி பாடிய பகுதியை இங்கிலாந்தில் பிறந்த இந்திய வம்சாவளிப் பாடகி நஜ்மா அக்தர் பாடுகிறார். கஜல் பழகிய அந்தக் குரலின் கமகங்கள் ஆங்கில நாட்டுப்புற மெட்டின் மேல் அவ்வளவு இயல்பாக உட்காருகின்றன. இது திடீர் ஆசையும் கிடையாது. 1972-லேயே பேஜும் பிளான்ட்டும் பம்பாயில் உள்ளூர் வாத்தியக்காரர்களோடு 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். 2015-இல் ஜெப்பலினின் 'கோடா' ஆல்பத்தின் விரிவாக்கப்பட்ட பதிப்பில்தான் அவை அதிகாரபூர்வமாக வெளிவந்தன. பதிவு கொஞ்சம் தடுமாறும், ஆனால் பிற்பாடு வரப்போகும் பிளான்ட்டின் முளை அதில் தெரியும்.

2002-இல் 'ட்ரீம்லேண்ட்', பெரும்பாலும் பிறர் பாட்டுகள். 2005-இல் அதே குழுவோடு 'மைட்டி ரீஅரேஞ்சர்', இது சொந்தப் பாட்டுகள். குழுவின் பெயர் ஸ்ட்ரேஞ்ச் சென்சேஷன். கிடார் ஜஸ்டின் ஆடம்ஸ், டிரம்ஸ் கிளைவ் டீமர். டீமர் போர்டிஸ்ஹெட் என்ற குழுவோடு வாசித்தவர், ராக் டிரம்மர்கள் மாதிரி அடிக்க மாட்டார். இரண்டு ஆல்பத்துக்கும் நடுவில், 2003 ஜனவரியில், பிளான்ட்டும் ஆடம்ஸும் மாலி நாட்டில் டிம்பக்டு பக்கத்தில் நடந்த பாலைவன இசைவிழாவுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். மிசிசிப்பி ப்ளூஸும் சஹாராவின் துவாரெக் மக்கள் வாசிக்கும் கிடாரும் ஒரே தண்டில் கிளைத்தவை என்பதை 'மைட்டி ரீஅரேஞ்சர்' வாயால் சொல்லாமல் வாசித்தே காட்டுகிறது. 'டின் பேன் வேலி'யில் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே, பழைய புகழை வைத்துக் காலம் தள்ளும் தன் வயதுக்காரர்களைக் குத்துகிறார். சட்டென்று கிடார்கள் வெடிக்கின்றன, கத்தல் திரும்பி வருகிறது. அந்தக் கத்தல் எப்போதும் கைவசம் இருந்திருக்கிறது, தேவையில்லாமல் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஜெப்பலின் ரசிகருக்கு நான் முதலில் நீட்டுவது இந்த ஆல்பத்தைத்தான்.

சரி, 'ரைசிங் சாண்ட்' வழக்குக்கு வருவோம். 2007 அக்டோபர், தயாரிப்பு டி-போன் பர்னெட், கூடப் பாடியவர் அமெரிக்க நாட்டுப்புற வகையான ப்ளூகிராஸ் பாடகியும் ஃபிடில் கலைஞருமான அலிசன் க்ரௌஸ். 2009 கிராமி விழாவில், சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து விருது. அதற்கு ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வாதாடுகிறேன்: 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்'. இதை முதலில் 1998-இல் பேஜும் பிளான்ட்டும் செய்த 'வாக்கிங் இன்டு கிளார்க்ஸ்டேல்' ஆல்பத்தில் கேட்கலாம். ஸ்டீவ் அல்பினி பதிவு செய்தது. கிடார் முன்னால் நிற்கிறது, டிரம்ஸ் நேரடி ராக் அடி, பிளான்ட் அதோடு மல்லுக்கட்டிப் பாடுகிறார். மோசமில்லை, ஆனால் கேட்டு முடித்ததும் மெட்டு மனசில் நிற்காது.

அதே பாட்டு 'ரைசிங் சாண்டில்' கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். ஜே பெல்லரோஸின் டிரம்ஸ் தூரத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல் மந்தமாக விழுகிறது. பிளான்ட்டும் க்ரௌஸும் ஒரே வரியை ஒட்டிப் பாடுகிறார்கள். வரியை முடிக்கும் இடத்தில் அவர் இழுக்கப் பார்க்கிறார், பக்கத்தில் இன்னொரு குரல் இருப்பதால் இழுக்க முடியவில்லை, அடக்கிக்கொள்கிறார். அந்த அடக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிடு என்று கெஞ்சுகிறவன் உரக்கக் கெஞ்சினால் எப்படி எடுபடும்? அதுவரை தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பாடியே பழகிய மனுஷர், இன்னொருவர் குரலோடு அளவெடுத்து ஒட்டிப் பாட அறுபதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டார். மூன்றாமவர் 'க்ரௌஸின் தயவு' என்றாரே, ஆமாம், தயவுதான். அதை வாங்கிக்கொள்ளத் தெரிந்ததுதான் பிளான்ட்டின் கெட்டிக்காரத்தனம்.

இந்த ஆல்பத்தின் மேல் உள்ள கோபத்தில் பாதி இசை சம்பந்தப்பட்டதே அல்ல என்பது என் சந்தேகம். 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் ஜெப்பலின் ஒரே ஒரு இரவு சேர்ந்து வாசித்தது. பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸ். அபாரமாக வாசித்தார்கள். உலகச் சுற்றுப்பயணம் வரும் என்று எல்லோரும் காத்திருக்க, பிளான்ட் 2008-இல் க்ரௌஸோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். நானும் அன்றைக்குக் கரித்துக் கொட்டியவன்தான். இரண்டு வருஷம் அந்த ஆல்பத்தைத் தொடவில்லை.

'சொந்தமாக எழுதாமல் அடுத்தவர் பாட்டைப் பாடுகிறார்' என்பது மற்றொரு புகார். ஜெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்கே ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட்டு, 1987-இல் சமரசமாகி, அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. இப்போதாவது எழுதியவர் பெயரை முதலிலேயே போட்டுவிட்டுப் பாடுகிறார், அதில் எனக்குக் குறை தெரியவில்லை. 2010-இன் 'பேண்ட் ஆஃப் ஜாய்' ஆல்பத்தில் லோ என்ற குழுவின் 'சில்வர் ரைடர்' பாட்டை, பாடகி பேட்டி கிரிஃபின் மூச்சளவு குரலில் கூடச் சேர, பாடியிருக்கிறார். மூலம் தெரிந்தவர்களும் அதைக் கேட்டால் புகார் சொல்ல மாட்டார்கள்.

2014-இன் நீண்ட பெயர் கொண்ட 'லல்லபை அண்ட்... த சீஸ்லெஸ் ரோர்' இந்த வழிகளெல்லாம் வந்து கூடும் இடம். காம்பியாவின் ஜுல்டே கமாரா ரிட்டி என்ற ஒற்றை நரம்பு ஃபிடில் வாசிக்கிறார். 'லிட்டில் மேகி' அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு. பாஞ்சோவில் தொடங்கி, ஆப்பிரிக்கா போய், மின்னணு இரைச்சலில் முடிகிறது. 'எம்பிரேஸ் அனதர் ஃபால்' நடுவில் ஜூலி மர்ஃபி வெல்ஷ் மொழியில் பாடுகிறார். 2017-இன் 'கேரி ஃபயர்' அதே வழி, ஒரு படி கீழே. 2021-இல் க்ரௌஸோடு மறுபடி செய்த 'ரைஸ் த ரூஃப்' நன்றாகவே இருக்கும், ஆனால் முதல் தடவை நேர்ந்த ஆச்சரியம் அதில் கிடைக்காது. 2025-இல் வந்த 'சேவிங் கிரேஸ்' ஆல்பத்தில் சூசி டியன் என்ற பாடகிக்குப் பக்கத்தில் பாதி நேரம் ஒதுங்கியே நிற்கிறார். அப்போது வயது 77.

தொடங்கும் வரிசை கேட்டீர்கள். முதலில் 'மைட்டி ரீஅரேஞ்சர்'. பிறகு 'பிக் லாக்' பாட்டு மட்டும். அப்புறம் 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்' இரண்டு வடிவமும், பழையது முதலில். இதற்குள் பிடித்துப்போயிருந்தால் 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' முழுசாக, தனியாக இருக்கும்போது. 'மேனிக் நிர்வானா'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரில் போகிறீர்கள் என்றால் அதையே முதலிலும் போடலாம், தப்பில்லை.